மிஞ்சியிருக்கிற எஞ்சின்

எல்லாவற்றையும் இழந்தவனுக்கு ஒழுக்கப் பிரச்னை அநேகமாக இல்லை. பாதியை இழந்தவனுக்குத்தான் அது ஆரம்பமாகிறது. வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். முழுக்க நொடித்த வியாபாரி கணக்கை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிறான். பாதி கையிலிருக்கிறவன் அதை வைத்துப் போனதைப் பிடிக்கப் பார்க்கிறான்.

இது இன்னும் கறாராகத் தெரிகிற இடம் இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய விமானம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது நின்றுவிட்டால் விமானிக்கு யோசிக்க அதிகமில்லை. மூக்கைத் தாழ்த்தி எதிரே கிடைக்கிற நிலத்தில் இறங்கவேண்டியதுதான். இரண்டில் ஒன்று நின்றால் பாதி போயிற்று என்று நாம் கணக்குப் போடுவோம். தப்புக் கணக்கு. மட்டமாகப் பறக்கவே சக்தியில் பெரும்பகுதி செலவாகிறது, மேலேறுவது உபரியால். பாதி போனால் ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடுகிறது. இன்னும் குரூரமானது ஒன்று உண்டு. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் சுக்கானுக்கு வலு போதாது; ஓடுகிற எஞ்சினே விமானத்தைச் செத்த பக்கமாகத் திருப்பிக் கவிழ்த்துவிடும். அப்போது பிழைக்க வழி, நல்ல எஞ்சினையும் அடக்குவது.

அவனியாபுரத்துக்குத் தெற்கே, மதுரை விமான நிலையத்திலிருந்து ஒருவன் அப்படிக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். 200 அடி உயரம். எதிரே கண்மாய், கருவேலங்காடு, ஒரு தரிசு. ஒரு பக்கம் நின்றுவிட்டது. மறுபக்கத்துச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது, தன் கையாலேயே அதை அடக்கித் தரிசில் இறங்க அவனால் ஆகுமா? துரோகம் மாதிரி இருக்கும்.

ஆகவே கிளம்புமுன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளக் கற்றுத்தருகிறார்கள்: இந்த வேகத்துக்கு முன் ஒன்று நின்றால் இரண்டையும் அடக்குவேன். தீர்மானம் தரையிலேயே நடந்துவிடுகிறது. ஆகாயத்தில் மிச்சம் கீழ்ப்படிதல்தான். ஸார்த்தரைப் படித்த நண்பர்களுக்கு இது ருசிக்காது. தேர்வு அந்தக் கணத்தில்தான் என்பார்கள். அர்ஜுனனுக்காக இரண்டு சேனைகளும் காத்து நின்றன. அந்தச் சலுகை 200 அடியில் கிடையாது.

பெரிய விமானங்கள் ஒற்றை எஞ்சினிலும் மேலேறும்படி கட்டப்பட்டவை. அங்கும் கணம் பொல்லாதது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் கிளம்பிய ஏ.டி.ஆர். விமானம் ஒன்றில் வலது எஞ்சின் சக்தி இழந்தது. விமானி இடது எஞ்சினை அடக்கினார். தப்பான பக்கத்தை இழுத்துவிட்டதாக அவர் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. 43 பேர் இறந்தார்கள். கணத்தின் சுதந்திரம் அவருக்குப் பூரணமாகவே இருந்தது.

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய காரவெல் வேறு ஜாதி. (நடிகை ராணி சந்திரா அதில்தான் போனார்.) வலது எஞ்சின் வெடித்து, எரிபொருள் குழாய் அறுந்து, தீ. உடனே திரும்பினார்கள், அது சரியான தீர்மானம். ஆனால் ஹைட்ராலிக் திரவம் எரிந்துபோய், விமானம் கைக்குக் கட்டுப்படவில்லை. 95 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இந்த இரண்டையும் 'விமானி என்ன செய்தார்' என்ற ஒரே தராசில் நிறுப்பது எனக்கு உடன்பாடில்லை. பம்பாயில் தேர்வதற்கே ஒன்றும் மிச்சமில்லை.

தரிசில் இறங்கியவனின் பாடு இன்னும் விநோதம். இறக்கை முறிந்து கிடக்கும், ஆள் பிழைத்திருப்பான். விமானத்தின் சொந்தக்காரர் வந்து, இன்னொன்று நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்பார். ஆமாம், ஓடிக்கொண்டுதான் இருந்தது.