பிடிக்காத நூலுக்கும் ஒரு வரி

பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகன், அரபு மொழியில் உள்ள எல்லா நூல்களையும் பட்டியலிட்டுவிடலாம் என்று நம்பினார். அப்பாவின் தொழிலுக்கு ‘வர்ராக்’ என்று பெயர். காகிதம் விற்பது, பிரதி எடுத்துக் கொடுப்பது, புத்தகம் விற்பது மூன்றும் அன்று ஒரே கடையில் நடந்தன. மகனும் அதே தொழிலில்தான் வளர்ந்தார். இயற்பெயர் முகம்மது; வரலாறு அவரை இப்னு அல் நதீம் என்கிறது. ‘நதீம்’ என்றால் அரசவையில் பேச்சுத்துணையாக இருப்பவர். அந்தப் பட்டம் இவருக்குரியதா, அப்பாவுக்குரியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி 377இல், நம் கணக்கில் 987-88இல், ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ என்ற நூலை எழுதினார். அந்தப் பெயருக்குப் பொருள் ‘பட்டியல்’, அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அந்தப் பட்டியலுக்குள் அவர் போகிறபோக்கில் சிந்திவிட்டுப் போனவை.

பத்து இயல்கள். முதல் ஆறும் வேதம், இலக்கணம், வரலாறு, கவிதை, இறையியல், சட்டம் என்று போகின்றன. பிறகு தத்துவமும் மருத்துவமும், கதைகளும் மந்திர தந்திரங்களும், பிற மதங்கள், கடைசியில் ரசவாதம். கவிஞர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒவ்வொருவருடைய பாடல்களும் எத்தனை ஏடு வரும் என்று எண்ணிச் சொல்கிறார். ஏடு என்றால் எந்த அளவு ஏடு, பக்கத்துக்கு எத்தனை வரி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: இருபது. கடைக்காரர் புத்தி. வாங்குகிறவன் கையில் இருப்பது முழு நூலா, பாதியா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? என் பிழைப்பு கணினித் தரவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிக்கொடுப்பது. அளவையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுக்கும் ஆட்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவன் என்பதால் அந்த இருபது வரி எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது.

ஆனால் அவரை நான் மதிப்பது அதற்காக அல்ல. ‘ஆயிரத்தொரு இரவுகளின்’ மூலமாகக் கருதப்படும் பாரசீகக் கதைத்தொகுப்பை அவர் பலமுறை முழுதாகப் பார்த்திருக்கிறார். சப்பென்ற நூல் என்பது அவர் தீர்ப்பு. ஆனாலும் பட்டியலில் அது இருக்கிறது. மானி என்ற தீர்க்கதரிசியைப் பின்பற்றியவர்களை அப்பாசியக் கலீஃபாக்கள் வேட்டையாடியிருந்தார்கள். ஷியா முஸ்லிமான நதீமுக்கு மானி சொன்னது பொய். அந்தப் பொய்யின் நூல்களை அவர் அத்தியாயத் தலைப்புகளோடு எழுதிவைத்திருக்கிறார். இளமையில் பாக்தாத்தில் ஏறத்தாழ 300 மானியர்களைத் தெரியும், இப்போது ஐந்து பேர்கூட இல்லை என்கிறார். அந்த வரியில் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. சீனா போய்த் திரும்பிய ஒரு கிறித்தவத் துறவி நகரத்துக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், கிறித்தவர் குடியிருப்புக்குப் போய்ச் சந்தித்து, அந்த நாட்டுச் செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்.

தான் பொய் என்று நம்பும் ஒன்றை ஒருவர் ஏன் இவ்வளவு கவனமாக எழுதிவைக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு பாக்தாத்திலிருந்து வரவில்லை. சவுத்தாலில் ஒரு வீட்டு மாடியறையிலிருந்து வந்தது.

சவுத்தாலை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலேயே குர்முகி எழுத்து இருக்கும் ஊர். பஞ்சாபிக் கடலில் நாம் ஒரு சின்னத் தீவு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். எண்பதுகளில் வந்தவர்; சாகும்வரை தமிழ்ப் புத்தகம் சேர்த்தார். போன ஆண்டு அவர் போனபிறகு வீட்டை விற்க வேண்டி வந்தது. மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. மறுசுழற்சித் தொட்டி எத்தனை தேவைப்படும் என்று அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை; வாசிக்கத் தெரியாத மொழியில் ஆயிரம் புத்தகம் என்றால் யாருக்கும் அது வெறும் பாரம்தான். மகள்தான் “ஒரு லிஸ்ட் ஆவது எடுத்து வைப்பம், அண்ணா” என்றார். சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம். கோயில் கும்பாபிஷேக மலர்கள், தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டுகள், சீறாப்புராணம், பைபிள் சங்கத்துச் சிறு வெளியீடுகள். ஓர் அட்டைப்பெட்டியில் எண்பதுகளின் இயக்கப் பிரசுரங்கள். ஒருவரையொருவர் துரோகி என்று எழுதிக்கொண்ட இயக்கங்களெல்லாம் ஒரே சணல் கயிற்றில் கட்டப்பட்டுக் கிடந்தன.

அந்தக் கட்டில் ஒரு துண்டுப் பிரசுரம். எட்டுப் பக்கம். வெளியிட்டவர் பெயர் இல்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நியாயப்படுத்தியது. மகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என் கையிலிருந்த மடிக்கணினியை மூடினார். “இதை எழுதாதேங்கோ அண்ணா. அப்பா இப்படியான ஆள் இல்லை.”

அவர் அப்படியான ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். அவர் அதை ஏன் வைத்திருந்தார்? யாரோ கையில் திணித்ததை எறிய மறந்திருக்கலாம், சாட்சிக்காக வைத்திருக்கலாம். பட்டியலில் ‘ஏன்’ என்பதற்குப் பத்தி கிடையாது.

விட்டுவிடுவது எளிது. யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் மரபில் விடுபட்டுப்போன நூல்கள் பலவும் யாரும் எரித்து அழிந்தவை அல்ல. பிரதி எடுக்க மனம் வராமல், பெயர் சொல்ல மனம் வராமல் செத்தவை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் நமக்கு எஞ்சியிருப்பது ஒரு கைப்பிடிப் பாடல்கள். அது பௌத்த நூல். அதை மறுக்கவென்றே ஒரு சமணர் எழுதிய நீலகேசி முழுதாக இருக்கிறது. குண்டலகேசி என்ன வாதாடியது என்பதில் நாம் அறிந்தது பெரும்பாலும் இந்த எதிரியின் வாயிலாகத்தான். நீலகேசியின் உரைகாரர் பதில் சொல்வதற்காக எதிராளியின் பாடல்களை எடுத்துக்காட்டினார். அந்த நேர்மையில் எதிராளி கொஞ்சம் பிழைத்துக்கொண்டார்.

உ.வே.சாமிநாதையர் சைவ மடத்தில் தமிழ் கற்றவர். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார், சமண நூல். அதன் பொருள் புரியக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். 1898இல் மணிமேகலை, அது பௌத்தம். அதே ஐயர் தன் வரலாற்றில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன கதையைச் சொல்கிறார். பழைய ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அங்கே பதில் வந்தது. பகைமையே இல்லாத, முழு மரியாதையோடு நடந்த அழிப்பு. மறுசுழற்சித் தொட்டியும் ஒருவகையில் அப்படித்தான். நிறம் பிரித்து, கிழமை பார்த்து, முறையாக வாசலில் வைக்கிறோம்.

நதீமுக்கு மிக நெருங்கிய தமிழர் என்று நான் நினைப்பது மயிலை சீனி.வேங்கடசாமியை. 1900இல் மயிலாப்பூரில் பிறந்து 1980இல் மறைந்த பள்ளி ஆசிரியர். கிறித்தவர் அல்லர், ‘கிறித்தவமும் தமிழும்’ எழுதினார். பௌத்தர் அல்லர், ‘பௌத்தமும் தமிழும்’ எழுதினார். சமணரும் அல்லர், ‘சமணமும் தமிழும்’ எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூல். பழைய உரைகளில் யாரோ ஒருவர் ஒரு நூலின் பெயரைச் சொல்லிச் சென்றிருப்பார், இரண்டு பாட்டை மேற்கோள் காட்டியிருப்பார். அவற்றையெல்லாம் திரட்டி, இல்லாத நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். தகடூர் யாத்திரை முதலாக எத்தனையோ நூல்களுக்கு இன்று இருக்கும் முகவரி அதுதான். நதீமின் பட்டியலிலும் பெரும்பாலான நூல்கள் இன்று இல்லை. 1258இல் மங்கோலியர் பாக்தாத்தை அழித்தபின் பல நூல்களுக்கு மிஞ்சியது அவர் எழுதிய வரி மட்டும். நதீம் கையில் பிடித்துப் பார்த்து எழுதியதை, வேங்கடசாமி பிறர் சொல்லிலிருந்து மீட்டு எழுதினார். அதற்குத் தேவைப்படும் பொறுமை எந்தப் பக்தியிலிருந்தும் வருவதில்லை.

மர்டாக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வேறு ரகம். 1865இல் சென்னையில் தமிழ் அச்சு நூல்களுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். இந்து சமய நூல்கள் மீது அவருக்கு நல்ல எண்ணம் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பெயர்களை மறைக்கவில்லை. அவருடைய கருத்துகளை இன்று தாண்டிப் போய்விடலாம். பட்டியலைத் தாண்ட முடியாது.

இங்கேதான் எனக்கு வழி கிடைத்தது என்று சொல்லலாம். தீர்ப்புச் சொல்ல அட்டவணைக்காரருக்கு உரிமை உண்டு. நதீம் ‘சப்பென்ற நூல்’ என்றார். அந்தத் தீர்ப்பு பதிவுக்குப் பக்கத்தில் நிற்கலாம், பதிவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. அந்த எட்டுப் பக்கத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. யாழ் நகர முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதும் 70,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு எதிராக என்ன எழுதப்பட்டது என்பது பாதுகாக்கப்பட வேண்டும் என்று கேட்கும் முதல் உரிமை அவர்களுடையது. அதை நம் வெட்கத்துக்காக நாம் விலக்கினால், வெளியேற்றத்தை இரண்டாம் முறையாக, இந்தமுறை காகிதத்தில், செய்கிறோம். மகளிடம் இதைச் சொன்னேன், இவ்வளவு கோர்வையாக அல்ல. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு “அப்ப அதில என்ன இருக்கெண்டும் சேர்த்து எழுதுங்கோ” என்றார். எழுதினோம்: வெளியேற்றத்தை நியாயப்படுத்துவது, 8 பக்கம், பதிப்பாளர் பெயர் இல்லை.

ஆனால் பட்டியல் என்பது எப்போதும் நல்ல பொருள் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் இந்திய அரசு 1867இல் அச்சுச் சட்டம் கொண்டுவந்து வெளியான நூல்களையெல்லாம் பதிவு செய்யவைத்தது. பின்னாளில் அந்த அரசு தடைசெய்த பிரசுரங்கள் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் நன்றியோடு வாசிக்கிறார்கள். எழுதியவர்கள் சிறைக்குப் போனார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அந்தத் தலைமுறைக்குப் பட்டியல் என்ற சொல்லே வேறு மாதிரி ஒலிக்கும். ஐயாவின் பழைய புத்தகங்கள் பலவற்றில் முதல் தாளின் மேல்மூலை, பெயர் எழுதும் இடம், கிழிக்கப்பட்டிருந்தது.

நதீமிடமும் ஒரு சங்கடமான பக்கம் உண்டு. மானியர் நூல்களை எழுதிய கையோடு, வெளியில் முஸ்லிமாக இருந்துகொண்டு உள்ளுக்குள் மானியராக இருந்தவர்கள் என்று சிலரின் பெயர்களையும் அடுக்குகிறார். கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்த் அதில் ஒருவர். அவர் கொல்லப்பட்டு அப்போதே இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. பட்டியலால் அவருக்குப் புதிதாக ஆபத்து இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தில் நூலகர் எழுந்து போய் ஒற்றன் வந்து உட்கார்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நூலில் என்ன இருக்கிறது என்று சொல்வது வேறு, அதை வைத்து வாசித்தவனின் மனதுக்குள் என்ன இருந்தது என்று எழுதுவது வேறு.

இந்த வேறுபாடு எங்களுக்கு உடனே தேவைப்பட்டது. பெட்டியின் அடியில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. 1986 முதல் யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று ஐயா எழுதிவைத்திருந்தார். சிலருடைய பெயருக்கு எதிரே அந்தச் சணல் கட்டிலிருந்த பிரசுரங்கள். இன்று அவர்களில் பலர் பேரக்குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவரும் வயதுக்காரர்கள். புலிகள் அமைப்பு இந்த நாட்டில் 2001 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யார் எதை ஆவலோடு இரவல் வாங்கினார் என்பதை யாரும் தட்டித் தேடும் கோப்பாக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு சமூகத்தின் வாசிப்பு வரலாற்றுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைவிட நல்ல ஆவணம் கிடைக்காது என்பதும் உண்மை. அதை ஒரு வரியாக மட்டும் எழுதினோம்: இரவல் குறிப்பேடு, 1986 முதல், குடும்பத்தாரிடம். பெயர்களை எழுதவில்லை.

இதுபோன்ற வீடுகள் இன்னும் பத்தாண்டுக்கு நம்மிடையே வரிசையாக வரும். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டொரொன்டோவிலும் மாடியறைகள் காலியாகும். எல்லாவற்றையும் காப்பாற்ற இடமில்லை என்பது தெரிந்ததே. தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுக்க ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம் ஆகும். மொத்தப் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நதீம் சொன்ன காரணத்துக்காகவே. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணைய நூலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாதவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். கோயில் மலர்களையும் நினைவு மலர்களையும் அலட்சியப்படுத்த வேண்டாம், அவற்றில்தான் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன.

குறிப்பேட்டை மகள் வைத்துக்கொண்டார். திருப்பித் தரப்படாத புத்தகங்கள் பதினேழு என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். அதில் தனக்குத் தெரிந்த மூன்று பேருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒருவர் உடனே மன்னிப்புக் கேட்டார், ஒருவர் அப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்ததே இல்லை என்றார். மூன்றாமவர் அடுத்த ஞாயிறு பேருந்து ஏறி வந்து, மேலட்டை போன ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு, சணல் கயிற்றுக் கட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.