பிறர் நாட்டில் நம் பிள்ளை கொடுக்கும் வாக்கு



கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் ஏறத்தாழ ஆறு மைல் சென்றால் அக்குறணை வரும். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் வணிக நகரம் அது. அந்நகரிலும் அயற் கிராமங்களிலும் உறவினர் எவரேனும் கடல் கடந்து வாழாத வீடுகள் இன்று குறைவு. நம் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வாழ்வு புதிதன்று. அப்படிக் குடும்பத்தோடு பிறநாட்டில் வாழும் பெற்றோரிடம் ஒருநாள் பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறது: "என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சாரணர் குழுவில் சேருகிறார்கள். நானும் சேரட்டுமா?"

பெற்றோர் தயங்குகின்றனர். படிப்புக் கெட்டுவிடும், குளிரில் கூடாரத்தில் படுத்தால் சளி பிடிக்கும் என்பவை சிறிய தயக்கங்கள். அவற்றுக்கு ஒவ்வொரு வீடும் தானே விடை காணும். பெரிய தயக்கம் வேறொன்று. கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்த பின்னரே ஒருவன் சாரணன் ஆகிறான். எந்த நாட்டுக்கு? நம் மண்ணில் பிறந்த பிள்ளை வேறொரு கொடியின் முன்னே நின்று வாக்குக் கொடுப்பது தாய்நாட்டை மறப்பது ஆகாதா? இது வெறும் உணர்ச்சிக் கேள்வியன்று, மனச்சாட்சியைத் தொடும் கேள்வி. ஆகவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1907-ம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கூட்டி ஒரு பாசறை நடத்தினார். செல்வர் பயிலும் பாடசாலைகளிலிருந்து சிலரும் உழைப்பாளர் வீடுகளிலிருந்து சிலருமாக அவர் வேண்டுமென்றே கலந்து சேர்த்தார். ஐந்தே ஆண்டுகளில், 1912-ல், அவ்வியக்கம் இலங்கைக்கு வந்தது. வந்து இறங்கிய இடம் கொழும்பு அன்று. அக்குறணையைக் கடந்து செல்லும் அதே வீதி சென்று சேரும் மாத்தளையில், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் முதற் குழுவைத் தொடங்கினார். அக்காலச் சாரணர் கடமை செய்வதாக வாக்களித்தது பிரித்தானிய மன்னருக்கு. இன்றோ நம் நாட்டுச் சாரணர் தம் நாட்டுக்கே வாக்களிக்கின்றனர். சொல் மாறியது, வாக்கின் உள்ளம் மாறவில்லை. தான் வாழும் சமுதாயத்துக்குத் தான் கடன்பட்டவன் என்று ஒரு சிறுவன் ஏற்றுக்கொள்வதே அதன் உள்ளம்.

இவ்வுண்மையை இயக்கமும் உணர்ந்திருக்கிறது. பிரித்தானியச் சாரணர் சங்கத்தில், அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாத பிள்ளைகள் அரசருக்குக் கடமை செய்வேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, தாம் இப்போது வாழும் நாட்டுக்குக் கடமை செய்வேன் என்று சொல்லலாம். "இப்போது வாழும் நாடு" என்ற சொற்களைக் கவனியுங்கள். பிறந்த நாட்டை விட்டுவிடு என்று அவை கேட்கவில்லை. நீ உண்ணும் உணவும் குடிக்கும் நீரும் நடக்கும் தெருவும் எவருடைய உழைப்பால் வந்தனவோ, அவர்களுக்கு நீயும் ஏதேனும் செய் என்றே கேட்கின்றன.

தாய்நாட்டுப் பற்று வேறு, வாழும் இடத்துக்குச் செய்யும் கடமை வேறு. முன்னது பிறப்போடும் மொழியோடும் நினைவோடும் வருவது. பின்னது அயலான் கண்முன்னே நிற்பதால் வருவது. ஒன்றைச் செய்தால் மற்றது குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. மழைக்காலத்தில் பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதிக்குள் வெள்ளம் புகுவதை நாம் அறிவோம். அவ்வேளையில் ஒருவன் கடையிலிருக்கும் மூட்டையைத் தூக்கி மேலே வைக்க உதவுபவனிடம், நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று எவர் கேட்பார்? பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட தம் மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய மடலும் இதையே சொல்கிறது. சிறைப்படுத்திய நகரேயானாலும் அதன் நலத்தை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்றார் அவர். அதனால் அம்மக்கள் எருசலேமை மறந்துவிடவில்லை.

இனி, எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். சீருடையும் கொடியும் வாக்குறுதியும் பிள்ளைகளின் உள்ளத்தை எளிதில் பற்றிக்கொள்வன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்தார்கள், பாசறை நடத்தினார்கள், சத்தியம் வாங்கினார்கள். சாரணர் குழுக்களை ஒழித்துவிட்டே அதைச் செய்தார்கள். எல்லா நாட்டாரும் எல்லாச் சமயத்தாரும் சகோதரர் என்ற சாரண விதியை அவ்வாட்சி பொறுக்குமா? ஆகவே நாட்டுக் கடமைக்கு மேலே கடவுளும், நாட்டுக்கு வெளியே சகோதரனும் இருக்க இடம் உண்டா என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

சாரணர் இயக்கமும் தன் விதியை எப்போதும் காத்ததென்று சொல்ல முடியாது. இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் குழு தொடங்கியபோது ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம் இருந்தது. இந்தியச் சிறுவர் வெளியே நின்றனர். அன்னி பெசன்ட் அம்மையார் முதலானோர் தனிச் சங்கம் அமைத்தே அக்குறையைத் தீர்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பிலும் இயக்கம் தவறியிருக்கிறது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020-ல் கடன் தீர்க்க இயலாத நிலையை நீதிமன்றத்தில் அறிவித்தபின், சிறுவயதில் துர்நடத்தைக்கு ஆளானதாக 80,000-க்கும் அதிகமானோர் முறையிட்டனர். திருச்சபையும் இத்துயரத்தைத் தன் வீட்டிலேயே கண்டிருக்கிறது. எனவே நல்ல பெயருள்ள அமைப்பு என்று கண்ணை மூடிக்கொள்வது அன்பன்று. தலைவர் யார், பாசறையில் பிள்ளையோடு எத்தனை பெரியோர் இருப்பர், முறைப்பாடு இருந்தால் எவரிடம் சொல்வது என்று கேட்பது பெற்றோரின் உரிமை, கடமையும் கூட.

விசுவாசத்தைப் பற்றிய அச்சம் என்ன? தொடக்க காலத்தில் ஐரோப்பியக் கத்தோலிக்கர் பலருக்கும் இவ்வச்சம் இருந்தது. பிரான்சில் யேசு சபைக் குருவான ஷாக் செவேன் அடிகள் இயக்கத்தை நெருங்கி ஆராய்ந்து, நற்செய்திக்கு அது பகையன்று என்று கண்டு, 1920-ல் கத்தோலிக்கச் சாரணர் குழுக்களை ஒன்றுசேர்ப்பதில் முன்னின்றார். 2012-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. ஆனால் காலம் மாறியிருக்கிறது. பிரித்தானியாவில் 2014 முதல் கடவுளைச் சொல்லாத வாக்குறுதியும் அனுமதிக்கப்பட்டுள்ளது. எனவே நம் பிள்ளை எதைச் சொல்லப் போகிறது என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் பிள்ளை தன் வழியில் வாக்களிப்பதையும் மதிக்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் மூண்ட வன்செயலில் அக்குறணைப் பகுதியும் துன்புற்றதே! அதைக் கண்டவர்களுக்கு, வேறு சமயத்துப் பிள்ளையோடு ஒரே பானையில் சமைத்து உண்ணும் பழக்கம் எத்துணை பெரிய பாடம் என்று விளக்கத் தேவையில்லை.

சில இடங்களில் இன்னொரு தேர்வும் உண்டு. வெளிநாடுகளில் வாழும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அவர்கள் நாட்டு அமைப்பே குழுக்கள் நடத்துகிறது. அதுபோல நம்மவர் குழு அருகில் இருந்தால் அங்கே சேர்ப்பதா, அந்நாட்டுக் குழுவில் சேர்ப்பதா? ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவரப் போகும் குடும்பத்துக்கும், அந்நாட்டு மொழி இன்னும் வராத சிறு பிள்ளைக்கும் நம்மவர் குழு ஆறுதலாக இருக்கும். நீண்டகாலம் வாழப் போகிறவர்களோ அந்நாட்டுப் பிள்ளைகளோடு சேர்வதே மேல். நம்மவரை நேசிக்க நம் பிள்ளை வீட்டிலேயே கற்கும், அந்நியரை நேசிக்கத்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது.

ஆகவே பெற்றோரே, படிவத்தில் கையொப்பம் இடுமுன் ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைக்காக ஒதுக்குங்கள். அந்த வாக்குறுதியைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். கடமை என்றால் என்ன, யாருக்கு, ஏன் என்று பேசுங்கள். பிள்ளைக்கு மனமில்லையெனில் வற்புறுத்தாதீர்கள், கட்டாயத்தால் பெற்ற வாக்கு வாக்கன்று. மனமிருந்தால் தடுக்காதீர்கள். பாசறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் பூசைக்கு வழி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டு முதியவருக்குக் கடையில் சாமான் வாங்கிக் கொடுக்க நீங்களே முதலில் செல்லுங்கள். பெற்றோர் அயலவரின் பெயரைக்கூட அறியாத வீட்டில், பிள்ளை கொடுக்கும் வாக்கு சீருடையோடு கழன்றுவிடும். பெற்றோரின் கையில் அது வாழ்ந்தால், எந்நாட்டுக் கொடியின் முன்னே சொல்லப்பட்டாலும், நம் மண்ணுக்கும் பெருமை சேர்க்கும்.