கள்ளனுக்கு விட்ட குடை

கர்க்லாண்டில் நாங்கள் வேலை செய்யும் உணவகத்தின் பின்கதவடியில் ஒரு காட்போட் பெட்டி கிடக்கிறது. சாப்பிட வந்தவர்கள் மறந்து விட்டுப்போன குடைகளை அதற்குள் போட்டு வைப்பார்கள். இரவு கோப்பை கழுவி முடித்து வெளியே வரும்போது மழையென்றால், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடப்போம். மறுநாள் கொண்டுவந்து போடுவோம். சில நாள் போடாமலும் விடுவோம். அதைக் களவென்று நாங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. எங்கள் ஆறு வயது மகள்தான் ஒருநாள் வாசலில் சாத்தி வைத்திருந்த கறுப்புக் குடையைக் காட்டி, "அப்பா, இது ஆற்றை குடை?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு படப்புத்தகம் காரணம். சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா'. எங்கள் பேச்சில் சொன்னால் குடைக் கள்ளன். அதன் ஆங்கிலப் பதிப்பைக் கொழும்புக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் பிள்ளைக்கென்று கொண்டுவந்து தந்திருந்தார். நூலகத்திலிருந்து நாங்கள் எடுத்துவரும் புத்தகங்களில் கரடியும் பனியும் சிவப்புத் தொப்பியும்தான் இருக்கும். இந்தப் புத்தகத்திலோ வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் போகிற சனங்கள் இருந்தார்கள். மகள் அந்தப் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

கதை சின்னது. ஒரு கிராமத்தில் எவரிடமும் குடை இல்லை. மழை வந்தால் வாழையிலை, சேம்பிலை, சாக்கு. கிரி மாமா என்பவர் முதன்முதலாகப் பட்டினத்துக்குப் போகிறார். அங்கே குடைகளைக் கண்டு அதிசயித்து ஒன்று வாங்கி வருகிறார். ஊருக்கு வந்து இறங்கியதும் கோப்பிக் கடையில் ஏறிக் கோப்பி குடிக்கிறார். வெளியே வந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. மறுபடியும் வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. கடைசியில் மடித்த குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே காட்டுக்குள் போனால் ஒரு மரத்தில் அவருடைய குடைகள் எல்லாம் தொங்குகின்றன. அவற்றை எடுத்துவந்து ஊரில் ஒரு குடைக்கடை போடுகிறார். ஆனால் ஒரு குடையைக் கள்ளனுக்கென்று மரத்திலேயே விட்டுவிடுகிறார். கள்ளன் யாரென்றால், ஒரு குரங்கு.

காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர் வெத்தசிங்க. பத்திரிகைகளில் சிறுவர் பக்கங்களுக்கு எழுதியும் வரைந்தும் வளர்ந்தவர். 2020 இல் காலமாகும்போது அவர் எழுதிய புத்தகங்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. 'குடைக் கள்ளன்' பல மொழிகளுக்குப் போய், எண்பதுகளில் ஜப்பானில் விருதும் பெற்றது. அது முதலில் வெளிவந்த ஆண்டு 1956.

அந்த ஆண்டைச் சொன்னதும் புகலிடத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் பேச்சு ஒரு கணம் நின்றுவிடும். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை அடித்து விரட்டிய ஆண்டு. எங்களோடு சமையலறையில் நிற்கிற ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை சனத்துக்கு அடி விழுந்த வருசம் அவையள் குரங்குக்கதை எழுதியிருக்கினம். அதையோ பிள்ளைக்கு வாசிக்கிறியள்?"

இதற்கு உடனே சொல்லக்கூடிய மறுமொழி ஒன்று உண்டு. பிள்ளைகளின் புத்தகத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு, அழகுக்கு இனம் ஏது என்பது அது. அதை நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் அதை நம்பவுமில்லை. ஒரு மொழியில் நல்ல படப்புத்தகங்கள் வருவதற்கு அச்சகம் வேண்டும், பத்திரிகை வேண்டும், எரியாத நூலகம் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அதே சமயம், சட்டம் இயற்றியவர்களின் கணக்கைக் குரங்குப்படம் கீறிய ஒரு பெண்ணின் தலையில் எழுதுவதும் நீதியல்ல. எங்களைச் சுட்டது அந்தச் சிங்களக் கிராமம் அல்ல. குடையை வெளியே சாத்திவிட்டுக் கோப்பி குடிக்கக்கூடிய ஒரு ஊர் அந்தப் படங்களில் குலையாமல் இருந்ததுதான் சுட்டது. பிள்ளைக்குக் காட்ட எங்கள் ஊரின் படம் ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை.

மகளுக்கு இவை எதுவும் தெரியாது. கிரி மாமா என்ற பெயரைக் கேட்டு அவர் எங்கள் ஆள் என்றே நினைத்திருந்தாள். சிங்களத்திலும் மாமா மாமாதான். அவளுடைய பிரச்சினை வேறு. "குரங்கு களவெடுத்தது பிழை. பிறகேன் மாமா அதுக்கு ஒரு குடை விட்டவர்?"

அவர் நல்லவர், மன்னித்துவிட்டார் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எல்லாக் குடையும் திரும்பக் கிடைச்சபடியாலதானே?"

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கப் போய், போர் நெருக்கியதில் பாதியில் விட்டவர்கள் நாங்கள். மன்னிப்பைப் பற்றி அங்கே கேட்ட விரிவுரைகளில் இந்தக் கேள்வி வந்ததாக நினைவில்லை. பிள்ளை சொன்னது சரி. கதையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் தடம் பிடிக்கிறார். பிறகு தன் பொருளைக் காண்கிறார். பிறகு எடுத்துக்கொள்கிறார். அதன் பிறகே ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். கையில் ஒரு கடை நிறையக் குடை உள்ளவருக்கு ஒன்றை விடுவது கொடை. வெறுங்கையோடு மழையில் நிற்பவனைப் பார்த்து 'விட்டுக்கொடு' என்றால், அவனிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது?

எங்கள் குடும்பம் மயிலிட்டியை விட்டு ஓடியது 1990 ஜூனில். அப்போது எங்களுக்கு மூன்று வயது. அந்தத் துறைமுகமும் அதையொட்டிய கொஞ்ச நிலமும் 2017 ஜூலையில் திருப்பித் தரப்பட்டன. இருபத்தேழு வருடங்கள். இடையில் 2010 இல் அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. நல்லிணக்கம் என்ற சொல் அதன் பிறகு எல்லார் வாயிலும் புழங்கியது. கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கச் சொல்வது போலிருந்தது அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பிள்ளைகளின் படங்கள். கிரி மாமாவின் காகிதத் துண்டுகள் போல அவர்களுக்கும் அவ்வளவுதான் தடம். தடத்தைப் பின்தொடர விடாமல் மன்னிப்பைக் கேட்பவனுக்கு வேண்டியது மன்னிப்பு அல்ல, மறதி.

இத்தோடு நிறுத்தினால் எங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் கதை எங்கள் பக்கமும் திரும்புகிறது. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னவர்கள் விடுதலைப் புலிகள். எங்கள் பெயரால்தான் சொன்னார்கள். சோனகதெரு வெறுமையானது. அவர்கள் விட்டுப்போன கதவும் யன்னலும் தையல் இயந்திரமும் பிறகு எங்கள் சனங்களின் வீடுகளில் இருந்தன. நாங்களும் இடம்பெயர்ந்து வந்த சனம், எங்களுக்கும் தேவை இருந்தது, யாருக்கும் உதவாமல் கிடந்ததைத்தானே எடுத்தோம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உணவகத்துப் பெட்டிக்குள் கைவிடும்போது நாங்களும் அதையேதான் சொல்லிக்கொள்கிறோம்.

குரங்குக்குத் தான் எடுப்பது களவென்று தெரியாது. அதனால்தான் அதைக் கண்டு எந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வருகிறது. அது வெட்கப்படவும் தேவையில்லை, திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது. அரசுக்கும் கிடையாது, இயக்கத்துக்கும் கிடையாது, அயல்வீட்டுக் கதவைத் தன் வீட்டில் பூட்டியவருக்கும் கிடையாது. மனிதர்கள் குரங்கின் மன்னிப்பை எதிர்பார்க்கும் இடத்தில்தான் பிழை தொடங்குகிறது. அதற்கு இந்தச் சின்னப் புத்தகம் பொறுப்பல்ல.

அதனால் சமையலறை நண்பருக்கு எங்கள் பதில் இதுதான்: வாசிப்போம். சிங்களப் புத்தகம் என்று மறைக்கவும் மாட்டோம். அதை எழுதியவரின் பெயரையும் அவருடைய ஊரையும் பிள்ளைக்குச் சொல்வோம். 1956 இன் மற்றக் கதையை அவள் தாங்கக்கூடிய வயதில் தனியாகச் சொல்வோம். ஒரு குரங்கின் முதுகில் அதை ஏற்றி இப்போதே சொல்லமாட்டோம். எங்கள் துயரத்தைச் சொல்வது எங்கள் கடமை. பிள்ளையின் சிரிப்பைப் பறித்துத்தான் அதைச் சொல்லவேண்டும் என்றால், நாங்கள் அவளுக்குக் கொடுப்பது வரலாறு அல்ல, வன்மம். சோனகதெருவின் கதையையும் அவளுக்கு நாங்களேதான் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லி அவள் கேட்கக்கூடாது.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு மயிலிட்டி கொஞ்சமெண்டாலும் கிடைச்சது, கதைக்கிறியள்" என்றார். அவருடைய அண்ணன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அவரிடம் இந்தப் புத்தகத்தை நீட்ட எங்களுக்கு உரிமையும் இல்லை. எங்கள் மகளுக்கு வாசிக்கலாம் என்று மட்டுமே எங்களால் சொல்லமுடியும்.

வாசலில் நின்ற கறுப்புக் குடையை அடுத்த நாளே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டோம். மகள் விடவில்லை. "அந்த ஆள் திரும்பி வந்து எடுத்ததோ?" என்று அடிக்கடி கேட்கிறாள். இன்னும் வரவில்லை என்கிறோம்.