"ஒண்ணும் கிடைக்கல" என்று சொல்லாதே!

கைப்பேசியில் ஒரு சொல்லை அடித்து, வந்த முதல் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் கிடைக்கல" என்று கைவிரிக்கும் தம்பி, தங்கச்சி, உன்னோடுதான் பேசுகிறேன். நீ தேடியது எங்கோ இருக்கிறது. உன் கேள்விக்குத்தான் இன்னும் கூர் ஏறவில்லை!

இரும்பையையே எடுத்துக்கொள். வானூர் வட்டத்தில், ஆரோவில்லுக்குப் பக்கத்தில், சம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர்ப் பெயரை அடித்தால் என்ன வரும்? இரும்பை உருக்குவது எப்படி, இரும்பைத் துருவிலிருந்து காப்பது எப்படி! சரி, கோயிலின் பெயரால் தேடலாம் என்று 'மாகாளம்' என்று அடித்தால் உஜ்ஜயினிக்கு இழுத்துக்கொண்டு போகும். இல்லையென்றால் அம்பர் மாகாளத்துக்கு.

கட்டளை இடு! 'இரும்பை மாகாளம்' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடு. அந்த வரிசையில் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்களைத்தான் கேட்கிறாய் என்று தேடுபொறிக்குப் புரியும். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், கழித்தல் குறி போடு, உஜ்ஜயினி ஒதுங்கும். ஒரே தளத்துக்குள் துழாவ வேண்டுமா? ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் அந்தத் தளத்தின் முகவரியைக் கொடு. 'பைல்டைப்' என்று அடித்து அதேபோல் 'பிடிஎஃப்' என்று சேர்த்தால் ஆவணங்கள் மட்டும் வரும். நெத்திலிக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை என்று கண் பார்த்து எடுத்துப் போகிறவர்களின் கடற்கரை நம்முடையது. உனக்கா இது புரியாது?

தமிழில் தேடுகிறவனுக்குக் கூடுதலாகச் சில தடைகள் உண்டு. தெரிந்துகொண்டால் தாண்டிவிடலாம். நம் சொல் வேற்றுமை ஏற்று உருமாறும். 'உப்பளம்' என்று எழுதாத பக்கத்தில் 'உப்பளத்தில்' இருக்கும், 'உப்பளங்கள்' இருக்கும். நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) போட்டு எல்லா வடிவத்தையும் கேள். பழைய ஆங்கில ஆவணங்களில் மரக்காணம் 'மெர்க்காணம்' என்ற எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும், அதையும் கேள். 2010-இல்தான் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் வேறு எழுத்துருக்களில் அடித்த கோப்புகளும், வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றிய தாள்களும் தமிழ்ச் சொல்லுக்குச் சிக்காமல் போகலாம். அப்போது துறையின் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடு. தேடுபொறிக்கு எட்டாத நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இருக்கலாம். அந்தத் தளங்களுக்கு உள்ளேயே போய்த் துழாவு.

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதே. இரும்பையிலிருந்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியில் உப்பு விளையாது, கூலியும் இல்லை. அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. யாருக்குக் கிடைக்கும், என்ன சான்று வேண்டும் என்பதற்கெல்லாம் அரசாணைதான் ஆதாரம். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, போங்கம்மா" என்று ஒரு மேசையில் சொல்லிவிட்டால், உப்பில் வெடித்த காலோடு உன் அம்மா திரும்பி வர வேண்டுமா? கூடாது! அந்தத் தாளை நீ தேடி எடு!

மேற்கோள் குறிக்குள் 'உப்பளத் தொழிலாளர்கள்', பக்கத்தில் 'நிவாரணம்', பிறகு தமிழக அரசின் தள முகவரி, பிடிஎஃப். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் அதையே கேள். செயற்கை நுண்ணறிவு மேலே சுருக்கிச் சொல்லும் பதிலோடு நின்றுவிடாதே, அது தவறலாம். மூலத் தாளைத் திற, துறையையும் தேதியையும் சரிபார், ஆணை எண்ணைக் குறித்துக்கொள். திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவின் முதல் வரியிலேயே அந்த எண்ணை எழுதி, நகலையும் இணைத்து, அம்மாவை அழைத்துக்கொண்டு போ. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கு!