விடுவித்தலும் கருணையே

துன்புறும் உயிரைக் கண்டு இரங்குதல் மனித இயல்பு. தாயை இழந்த மான்கன்றையோ, அடிபட்ட குரங்கையோ கண்டால், கையிலெடுத்துப் பாலூட்டி நம்மிடத்தே வைத்துக் காக்க வேண்டும் என்று நெஞ்சம் விழைகின்றது. அவ்விழைவு போற்றத்தக்கதே. ஆயினும் காட்டில் பிறந்த உயிரைக் காப்பது என்பது அதனை நம்மோடு இருத்திக் கொள்வதா, அன்றி அதன் காட்டுக்கே திரும்பச் செய்வதா? நீலகிரி மலைச்சாரலில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகள் இவ்வினாவைத் தெளிவிக்கின்றன.

மசினகுடிக்கு அருகே வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்னும் பெயரால் அறியப்பட்ட காட்டு யானை ஒன்று உலவி வந்தது. காயத்தால் அதன் துதிக்கை நுனி சிதைந்திருந்தது. இரக்கம் கொண்டோர் பழங்கள் அளித்தனர். நாளடைவில் அது காட்டை மறந்து, ஊரையே நாடி நிற்கலாயிற்று. 2021 மே மாதம் வனத்துறையினர் அதனைப் பழங்களால் ஈர்த்து மரக்கூண்டினுள் கொணர்ந்து சிகிச்சை அளித்தனர். அதனை முகாம் யானையாகவே வைத்துக் கொள்வதா, காட்டில் விடுவதா என்ற விவாதம் எழுந்தது. முடிவில் ஆகஸ்டு 2ஆம் நாள், கழுத்தில் ரேடியோ காலர் பூட்டி, முதுமலையின் சிக்கஹள்ளா வனத்தில் விடுவித்தனர். அதுவோ மறுநாளே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது!

அந்நிலையில் மீண்டும் அடைத்துவிடுதல் எளிது. வனத்துறையினர் அவ்வாறு செய்திலர். பின்தொடர்ந்து கண்காணித்தனர்; ஊர்ப்பக்கம் வாராமல் திருப்பினர்; எவரும் உணவளியாதபடி பார்த்துக் கொண்டனர். மெல்ல மெல்ல அது காட்டு உணவை உண்டு, பிற யானைகளோடு பழகத் தொடங்கியது. விடுவித்தல் என்பது கைவிடுதல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மனிதரை அஞ்சாமை விலங்குக்கு எத்துணைக் கேடு என்பதையும் அதே மசினகுடி கண்டது. முதுகில் காயத்துடன் ஊரருகே திரிந்து, பழத்தில் வைத்து மருந்தூட்டப் பெற்ற மற்றொரு யானையின்மீது எரியும் டயரை வீசினர் சிலர். அது 2021 ஜனவரியில் உயிர்நீத்தது. ஒரு கை பழம் நீட்டியது. மற்றொரு கை நெருப்பை எறிந்தது. எந்தக் கை எத்தகையது என்று வாயில்லா உயிர் எங்ஙனம் அறியும்?

எல்லா உயிரையும் மீண்டும் காட்டில் விட இயலுமோ எனின், இயலாது. தெப்பக்காடு முகாமில் ரகு, பொம்மி என்னும் கன்றுகளைப் பொம்மனும் பெள்ளியும் பெற்ற பிள்ளைகளைப் போல் வளர்த்ததை, 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற குறும்படத்தால் உலகம் அறிந்தது. தாயும் கூட்டமும் இன்றித் தனித்துவிட்ட கன்றுக்கு மனிதர் மடியே புகலிடமாவதுண்டு. அத்தகைய கன்றைக் காத்து வளர்ப்பதும் அறமே. எனினும் அது இறுதி வழியே அன்றி முதல் வழி அன்று. 2023 டிசம்பரில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைப் பிரிந்து தவித்த கன்றைத் தேடிக் கொணர்ந்து தாயிடமே சேர்ப்பித்தனர் வனத்துறையினர். பின்னர் அக்கன்று தாயின் அணைப்பில் உறங்கிய படத்தைக் கண்டு உருகாதார் இலர்.

காட்டில் பசி உண்டு, பிணி உண்டு, புலியும் உண்டு. அங்கே அனுப்புவது கொடுமை அன்றோ என்பார் உளர். அவை அவ்வாழ்வின் கூறுகள். விலங்கு நம்மைத் தேடி வருவது நமக்கு இனிக்கின்றது. அவ்வினிமை நமக்கு உரியது. அதன் விலையைக் கொடுப்பதோ அவ்விலங்கு.

கஜேந்திர மோட்ச உற்சவத்தைச் சேவித்த அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். யானையின் காலைப் பற்றியது முதலை, விடுவித்தவன் எம்பெருமான். மோட்சம் என்பதற்கு விடுபடுதல் என்றே பொருள். நம் முன்னோர் அதனை ‘வீடு’ என்றனர். ‘விடு’ என்னும் சொல்லினின்று பிறந்தது அது. நாம் குடியிருக்கும் இல்லத்துக்கும் அதுவே பெயர். காட்டுயிர்க்குக் காடே வீடு. ஆங்கு விடுவதே அதற்கு வீடளித்தல்.

விழா முடிந்து மேட்டுப்பாளையத்தினின்று கல்லாறு, பர்லியாறு வழியே குன்னூருக்கும் உதகைக்கும் செல்லும் அன்பர்கள், சாலையோரம் கையேந்தி நிற்கும் குரங்குகளுக்குப் பழமும் பிஸ்கட்டும் வீசுதலைப் புண்ணியம் என்று கருதற்க. வாகனச் சக்கரங்களுக்கு இடையே அவற்றை அழைப்பது அக்கையே. காயம்பட்ட விலங்கையோ தனித்த குட்டியையோ கண்டால் தாமே தூக்கிச் செல்லாது வனத்துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். பல வேளைகளில் தாய் அருகிலேயே மறைந்து நிற்கும். நாம் விலகினால் அது வரும். கொடுக்க நீளும் கை சில வேளை மடங்கியிருப்பதும் அருளே என்று உணர்ந்து, எவ்வுயிரும் தன் வீட்டில் இனிது வாழ வழிவிடுவோமாக.