கடைசி ஆள்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்த ஆண்கள் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் பந்தயம் 15 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் வளர்ந்த எனக்கு அந்தத் தூரம் காலுக்குத் தெரியும், பனிதான் தெரியாது.

சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோனா 34 நிமிடத்துக்குள் முடித்துத் தங்கம் வென்றார். வியந்தேன், அவ்வளவுதான். நம் நாட்டின் ஜகதீஷ் சிங்குக்கு 103ஆவது இடம். கடைசியாக, 116ஆவதாக, மெக்சிகோவின் ஹெர்மன் மத்ராசோ கொடியைப் பிடித்தபடி வந்தார். வயது 43. முதல்வரைவிட ஏறக்குறைய 26 நிமிடம் அதிகம். அவருக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வென்ற கொலோனாவும் காத்திருந்து கைகொடுத்தார். நாமும் செய்து பார்க்கணும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஏன் அவரைப் பார்த்து? ‘அவரே செய்யும்போது நமக்கென்ன’ என்பதாலா? அப்படியென்றால் அது ஊக்கமல்ல, மரியாதைக்குறைவு. அவர் தகுதிபெற்று வந்தவர். அவர் செய்தது எனக்கு எளிதும் அல்ல.

கிரிவலத்தில் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. அதனால் கடிகாரமே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கடிகாரம் இல்லாவிட்டால் மத்ராசோ பனியில் போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதர், அவ்வளவே. 116 என்ற எண் பொய் சொல்லவில்லை. அவர் அதை மறுக்கவும் இல்லை, அதற்காக ஒதுங்கவும் இல்லை.

மென்பொருள் வேலையில் நாங்கள் எல்லாவற்றையும் அளப்போம். மெல்ல ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: நன்றாக வரும் என்று தெரிந்ததை மட்டும் தொடுவது. பாட்டு வராதா, பாடாதே. இப்படியே வாழ்க்கை சுருங்கிவிடும். கடைசியில்தான் வருவோம் என்று தெரிந்தும் ஒன்றில் இறங்குவதை அடக்கம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் செயலின் மதிப்பு அதில் எனக்குக் கிடைக்கும் இடத்தைவிடப் பெரியது என்று ஏற்பது அது.

வென்றவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 1998 நாகானோவில் தங்கம் வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி, சுமார் 20 நிமிடம் பின்தங்கிக் கடைசியாக வந்த கென்யாவின் பிலிப் போயிட்டைக் கட்டியணைக்கக் காத்து நின்றார். அந்தத் தூரத்தின் கஷ்டத்தை அவரைவிட யார் அறிவார்?

வரும் குளிர்காலத்தில் குல்மார்க் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். “முப்பத்தாறு வயசுல அதுல என்னடா சாதிக்கப் போற?” என்கிறார் அப்பா. “ஒண்ணும் இல்லப்பா, அதான் போறேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கம்பளி வாங்கிட்டியா?” என்று கேட்டார்.