ஒருவர் தரை, மற்றவர் கூரை

முற்றம் வைத்த வீடுகளில் உரலில் உலக்கை விழுந்த அதிர்வை மண் வாங்கிக்கொண்டது. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, அதனைக் கீழ்வீட்டாரின் கூரை வாங்கிக்கொள்கிறது. சென்னையிலும் கோவையிலும் நம்மில் பலர் இன்று ஒருவர் தலைக்குமேல் மற்றொருவராக வாழ்கிறோம். தரையெங்கும் கிரானைட், பளிங்கு, விட்ரிஃபைடு ஓடு. நம் வெயிலுக்குக் குளிர்ச்சியும் துடைக்க எளிமையும் உடைய இத்தரையைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், இரவு 11 மணிக்கு எவர்சில்வர் தம்ளர் ஒன்று கைதவறினால், கீழே உறங்குபவர் திடுக்கிட்டு எழுகிறார்.

பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வருவன. கனத்த கான்கிரீட் அவற்றைப் பெரிதும் தடுத்துவிடும். நாற்காலியை இழுப்பதும் குதிகால் அதிர நடப்பதும் அவ்வாறல்ல. அவை தளத்தையே நேராகத் தாக்குகின்றன. தளம் பறைத்தோல்போல் அதிர்ந்து கீழ் அறையில் ஒலிக்கிறது. சுவர்களின் வழியாகவும் இறங்குகிறது. ஆகவே, கீழ்வீட்டார் தம் செலவில் பொய்க்கூரை அமைத்தாலும் முழுப் பயன் கிட்டுவதில்லை. அடி விழும் இடத்திலேயே அதனைத் தணிப்பதுதான் முறை.

அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது. துன்புறுபவரிடம் மருந்தில்லை, மருந்து வைத்திருப்பவருக்கோ நோயில்லை. தாம் எழுப்பும் ஓசை மேல்வீட்டாருக்குப் பெரிதாகத் தோன்றுவதுமில்லை. 'என் வீடு, என் தரை' என்பர். அந்தக் கான்கிரீட் பலகை ஒன்றே அன்றோ? அதன் மேற்புறத்தை நாம் தரை என்கிறோம், கீழ்ப்புறத்தை அவர் கூரை என்கிறார். தமக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு செலவைப் பிறர் உறக்கத்திற்காக ஏற்பதா என்று தயங்குவோரை நான் கொடியவர் என்று கருதவில்லை; அவர்கள் கீழ்வீட்டில் ஓர் இரவு தங்கியதில்லை, அவ்வளவே.

புதிதாக ஓடு பதிப்போர் அதன் அடியில் ரப்பர் அல்லது கார்க் அடுக்கு ஒன்றை விரிக்கலாம். சுவரோரத்திலும் சிறிது இடைவெளி வேண்டும். அங்கே ஓடு சுவரைத் தொட்டால் அதிர்வு அவ்வழியே இறங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலித்தடுப்புக்குத் தனிப் பிரிவே உண்டு. வீடு வாங்கும் நாமோ தரையின் பளபளப்பைத்தான் விசாரிக்கிறோம்! பழைய தரைக்கு ஒரு ஜமக்காளம், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஆகியவையே பெரும் உதவி.

ஜமக்காளம் தம்ளரின் கூரிய ஓசையை நன்கு அடக்கும். குழந்தை துள்ளி ஓடும் 'தொம்' என்ற கனத்த ஓசையை அவ்வளவாக அடக்காது. அதனைக் கீழ்வீட்டார் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்; மூன்று வயதுக் குழந்தையைக் கட்டிப்போடச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பொறுமையைக் கேட்கும் தகுதி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டிய பிறகே மேல்வீட்டாருக்கு வருகிறது. நாற்காலிக்கு நான்கு போதும். தெருமுனை இரும்புக் கடையிலேயே கிடைக்கும்.